மம்முட்டி கடையில் இருக்கிறது, பிடி நம் வேலியில் இருக்கிறது

கோடரிக் காம்பு என்பது நம்மிடையே ஒரு வசவு. சொந்த இனத்தையே வெட்டக் கிளம்பியவன் என்று அர்த்தம். அந்த வசவில் காம்புக்குக் கொஞ்சம் அநியாயம் நடந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. கோடரியோ மம்முட்டியோ அருவாளோ, இரும்பு எங்கிருந்தோ வருகிறது. நாள் முழுக்க நம் உள்ளங்கை தொட்டுக்கொண்டிருப்பது மரத்தைத்தான். இருந்தும் மம்முட்டி வாங்கும்போது தகட்டைச் சுண்டிச் சத்தம் கேட்கிறோம், எடையைப் பார்க்கிறோம், விளிம்பைத் தடவுகிறோம். பிடியை யாரும் பார்ப்பதில்லை. கேட்டால், "அது கூடவே வருமுங்க" என்பார் கடைக்காரர்.

அப்படிக் கூடவே வருகிற பிடி பெரும்பாலும் தைலமரம். சரியாகக் காயாத மரத்தை அறுத்து, கடைசலில் உருட்டி, வார்னிஷ் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். பார்க்க வழவழவென்று லட்சணமாக இருக்கும். இரண்டு மாசம் வெயிலில் கிடந்தால் உள்ளிருக்கும் ஈரம் வற்றும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் இரும்பு வளையத்துக்குள் பிடி ஆட ஆரம்பிக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி தொட்டித் தண்ணீரில் மம்முட்டியைப் போட்டு வைக்கிறோம். காலையில் ஊறிக் கெட்டியாக நிற்கும். ஆனால் வளையத்துக்குள் ஊறிப் பெருக்கிற மரத்துக்குப் போக இடம் இல்லை, தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. திரும்பக் காயும்போது முன்னைவிட மெலிந்து போகும். அடுத்து ஆணி அடிப்போம். ஆணி போன இடத்தில் வெடிப்பு விழும். ஓங்கிய கையில் பிடி மட்டும் நின்று, தகடு பறந்து பக்கத்து வரப்பில் விழுந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அது வரப்பில் விழுந்தவரைக்கும் நல்லது.

இன்னொரு விசயம் ரேகை. அறுவை வாள் நேர்கோட்டில் போகும், மரத்தின் ரேகை தன் போக்கில் வளைந்து போகும். அறுத்தெடுத்த பிடியில் ரேகை ஏதாவது ஓரிடத்தில் பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஒடிவது அந்த இடத்தில்தான். பெரியவர்கள் கிளையைப் பிளந்து பிடி எடுத்ததற்குக் காரணம் இதுதான். பிளந்தால் மரம் தன் ரேகையோடு பிரியும், தலையிலிருந்து கால்வரை ஒரே நார் ஓடும்.

நான் 33 வருசம் வங்கியில் இருந்துவிட்டு, காங்கேயம் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கருக்குத் திரும்பியவன். அதில் ஒன்றரை ஏக்கர் கொறங்காடு. வங்கியில் இருந்தவரைக்கும் கிளை என்றால் எனக்கு வேறு அர்த்தம். இங்கே வந்த பிறகுதான் வெள்வேலங்கிளையைப் பார்க்கும்போது இது கொத்துக்கு ஆகும், அது அருவாளுக்கு ஆகும் என்று கண் கணக்குப் போடப் பழகியது.

எந்த மரம்?

கருவேலம் முதலில். முள்ளும் காயும் ஆட்டுக்கு, பட்டை தோல் பதனிட, கட்டை வண்டிச் சக்கரத்துக்கும் ஏர்க் கலப்பைக்கும் என்று ஒரு காலத்தில் விவசாயத்தையே தாங்கிய மரம். அடியை வாங்கிக்கொள்ளும், சட்டென்று ஒடியாது. மம்முட்டிக்கும் கோடரிக்கும் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே வைரம் பாய்ந்த பாகத்தைத்தான் எடுக்க வேண்டும். வெளியே வெளுப்பாக இருப்பதில் மாவுச்சத்து இருக்கும், வண்டு அதைத் தேடி வந்து துளைத்து மாவாக்கிவிடும்.

எங்கள் கொறங்காட்டில் கருவேலத்தைவிட வெள்வேல்தான் அதிகம். அதுவும் உறுதிதான், சின்னக் கருவிகளுக்குப் போதும். விடத்தலை பெரிதாக வளராது, புதராக நிற்கும். ஆனால் அதன் கம்பு கெட்டி. கைத்தடிக்கும் களைக்கொத்துக்கும் அதைத் தேடி வெட்டுவார்கள். உசிலை நல்ல கனம், உள்மரம் ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும். பூவரசு இலேசு, வழவழப்பாக வரும், அருவாள் பிடிக்கு ஏற்றது. நீண்ட பிடி வேண்டுமென்றால் உள்ளே பொந்து இல்லாத கல்மூங்கிலை மிஞ்ச ஒன்றும் இல்லை. சீமைக்கருவேலை நாம் எல்லோரும் திட்டுகிறோம், திட்ட வேண்டியதுதான். ஆனாலும் வேரோடு பிடுங்குகிறவர்கள் மொத்தத்தையும் கரிமூட்டத்துக்குத் தள்ளும் முன் நேரான நாலு துண்டை எடுத்து வையுங்கள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் ரொம்பக் குறைவாக அசைகிற மரம் அது.

வேப்பமரப் பிடியைப் பூச்சி அவ்வளவாக அண்டாது என்பது சரி. கோடரிக்கு மட்டும் வேண்டாம், அந்த அடியைத் தாங்காது.

வெட்டும் காலம் என்று பார்த்தால் தை, மாசி. மரத்தில் நீரோட்டம் குறைந்திருக்கும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று எங்கள் ஆசாரி அடித்துச் சொல்வார். நான் இரண்டு பிறையிலும் வெட்டிப் பார்த்ததில்லை, அவர் சொல்கிற நாளிலேயே வெட்டிவிடுகிறேன். மணிக்கட்டை விடக் கொஞ்சம் பருத்த, கணு இல்லாத, நேரான கிளை போதும். மரத்தைச் சாய்க்கவே வேண்டாம், ஆட்டுக்குத் தழை கழிக்கும்போதே கிடைத்துவிடும்.

வெட்டிய கட்டையைப் பட்டையோடு தண்ணீரில் போட வேண்டும். முன்பெல்லாம் குளத்திலும் கிணற்றிலும் போடுவார்கள். நான் தொட்டியில் போட்டு வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி வாழைக்குப் பாய்ச்சிவிடுகிறேன். தண்ணீர் முதலில் பழுப்பாகும், பிறகு நாற்றம் எடுக்கும், அப்புறம் தெளியும். மாவுச்சத்து கரைந்து வெளியே வருகிற நாற்றம்தான் அது. சுமார் ஒரு மாசம் கழித்து எடுத்து, பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் சாணியைக் கெட்டியாகப் பூசி, நிழலில் நிறுத்தி வைக்க வேண்டும். முனைவழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும். அங்கே முதலில் காய்ந்தால் கட்டை வாய் பிளந்துவிடும், சாணி அதைத் தாமதப்படுத்துகிறது. மூன்று மாசம் மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடக்கட்டும். அவசரப்படுகிறவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

போடுகிற விதம்

மம்முட்டிப் பிடி தலைப்பக்கம் பருத்து, கைப்பக்கம் மெலிந்து இருக்க வேண்டும். மெலிந்த பக்கத்தை வளையத்துக்குள் மேலிருந்து விட்டு இழுத்தால், தகடு வந்து பருத்த தலையில் உட்கார்ந்துகொள்ளும். ஓங்கி வெட்டும்போது தகடு வெளியே போகத்தான் பார்க்கும், வெளியே போகப் போக இறுகும். ஆணியே வேண்டாம். சிலர் தலைக்கு ஆப்பும் வைப்பார்கள், அதுவும் காய்ந்த மரமாக இருந்தால் சரிதான். அருவாளுக்கு வேறு முறை. பிடியில் சின்னத் துளை போட்டு, முனையில் பூண் மாட்டி, அருவாளின் வாலைக் காய்ச்சி உள்ளே இறக்குவார்கள். துளைக்குள் அரக்கைப் பொடித்துப் போட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும். பூண் இல்லாமல் இறக்கினால் மரம் பிளக்கும்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். வேர்த்த கையும் வார்னிஷும் சேர்ந்தால் கொப்புளம்தான். அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை துணியால் தேய்த்துக் காயவிட்டால் போதும். வருசத்துக்கு ஒருமுறை திரும்பத் தேய்க்கலாம். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. அவை காயாமல் பிசுக்காகவே இருக்கும், மண் ஒட்டும், ஆனால் பூச்சி வராது.

இதுவரைக்கும் எழுதியதில் புதிதாக எதுவும் இல்லை. அறுபது வயசைத் தாண்டிய எந்த விவசாயியும் இதைவிட நன்றாகச் சொல்வார். நான் எழுத வந்தது அளவைப் பற்றி. அது எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தது ஒரு காப்பி இயந்திரம் வழியாக.

காப்பிக்கு ஒரு பிடி

பெங்களூரில் இருக்கும் என் மகன் கையால் இழுத்துக் காப்பி போடுகிற ஓர் இத்தாலி இயந்திரம் வைத்திருக்கிறான். நம் ஊர் டிகாஷன் ஃபில்டரில் தண்ணீர் தன் பாட்டுக்குச் சொட்டும். எஸ்பிரெஸ்ஸோவில் வெந்நீரைக் காப்பித்தூளுக்குள் அழுத்தித் தள்ள வேண்டும். மிலான் நகரத்து அக்கீலே காஜ்ஜா என்பவர் நீராவிக்குப் பதில் வெந்நீரை அழுத்திக் காப்பி இறக்கும் முறைக்கு 1938ல் காப்புரிமை கேட்டார். யுத்தம் முடிந்து 1947ல் நெம்புகோலும் சுருள்வில்லும் வைத்து அதை மாற்றினார். நெம்புகோலைக் கீழே இழுத்தால் வில் சுருங்கும், விட்டால் வில் விரிந்து வெந்நீரைத் தள்ளும். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல எட்டு ஒன்பது மடங்கு, நம் கார் டயரில் இருப்பதைப் போல நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பியின் மேலே பொன் நிறத்தில் நுரை படிந்தது இந்த அழுத்தத்தால்தான். 1960களில் மோட்டார் பம்பு வைத்த இயந்திரங்கள் பரவிக் கடைகளில் நெம்புகோல் குறைந்துபோனது. ஆனாலும் கையால்தான் இழுப்பேன் என்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் செய்கிற முதல் வேலை, கறுப்பு பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு மரத்தில் ஒன்று கடைந்து மாட்டுவது. அங்கே ஆலிவ் மரம், வால்நட் மரம். மகன் கேட்டது நம் கொறங்காட்டு மரம்.

ஆசாரிக்கு முதலில் சிரிப்பு. "காப்பி ஆத்தறதுக்கு மம்முட்டிப் புடியாட்டம் ஒண்ணு வேணுமாக்கும்!" என்றார். நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். தூள் சரியாக அடைக்காத நேரத்தில் பாதியில் கை வழுக்கினால், வில் நெம்புகோலை வேகமாக மேலே எறியும், குனிந்து பார்ப்பவரின் தாடையில் அடிக்கும் என்றேன். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. வழுக்குகிற பிடி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "அப்பக் கை அளவு வேணும்ங்க, சும்மா கடைஞ்சு குடுக்க முடியாது" என்றார்.

பொங்கலுக்கு மகன் வந்தபோது அளவு எடுத்தோம். ஆசாரி ஒரு குச்சியைச் சுற்றிப் பிசைந்த களிமண்ணை அப்பி, "புடிங்க தம்பி, இழுக்கறாப்புல புடிங்க" என்றார். மண்ணில் விரல்கள் பதிந்தன. எந்த விரல் எங்கே அழுத்துகிறது, உள்ளங்கைக் குழியில் எவ்வளவு மேடு வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருந்தது. காற்றில் ஒடிந்து விழுந்து இரண்டு வருசமாகப் பரணில் கிடந்த உசிலைத் துண்டை எடுத்தோம். நெம்புகோலுக்கு ஒன்று, தூள் போடும் கிண்ணத்துக்கு ஒன்று. நாலரை அங்குல நீளம், நடுவில் ஒன்றேகால் அங்குல கனம். உள்ளே பித்தளையில் மரை வைத்து ஒட்டினோம், மரத்திலேயே மரை வெட்டினால் சூட்டிலும் ஈரத்திலும் நாளடைவில் தேய்ந்துவிடும். மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் கொதிகலன் பக்கத்தில் இருந்தும் பிடி கை சுடாது. எண்ணெய் மட்டும் ஆளிவிதையும் தேன்மெழுகும். வேப்பெண்ணெய் தடவியிருந்தால் பெங்களூரில் காப்பிக்கு யார் வந்திருப்பார்கள்!

ஆசாரி கூலியாக 600 ரூபாய் கேட்டார், மகன் 1000 கொடுத்தான்.

"எங்க கைய அளந்தீங்களா?"

இந்த அளவெடுப்பு திண்ணையில் நடந்தபோது, களையெடுக்க வந்த நாலு பெண்கள் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூத்தவர் தூக்குப்போசியை மூடிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சார், காப்பி குடிக்கறவருக்கு இத்தன அளவெடுக்கறீங்களே, காலையில இருந்து கொத்தறோமே, எங்க கைய யாராச்சும் அளந்தீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை, கிண்டலாகத்தான் கேட்டார். ஆசாரி என்னைப் பார்த்தார். களிமண் மீதி இருந்தது. "வா அம்மிணி, புடி" என்று அப்போதே அவரையும் உட்கார வைத்துவிட்டார்.

நாலு பேர் கையையும் அளந்து, அவர்கள் வைத்திருந்த கொத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நம் கையில் ஒரு பிடி சரியாக இருக்கிறதா என்பதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. பிடியைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட வேண்டும், கொஞ்சம் ஏறி உட்கார்ந்தால் இன்னும் நல்லது. நாலு பேரில் மூன்று பேருக்கு விரல்கள் தொடவே இல்லை, நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி. விரல் தொடாவிட்டால் கருவி நழுவாமல் இருக்க ஒவ்வொரு கொத்துக்கும் முன்கை கூடுதலாக இறுக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் கொத்து என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவர்கள் மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே பஸ் ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

களை எடுப்பது, நாற்று நடுவது, பறிப்பது எல்லாம் பெண்கள். கருவி செய்யப்படுவது ஆம்பிளைக் கைக்கு. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளைப் பெண்களுக்கும் தனியாக எடுத்து, அதற்கேற்பக் கருவிகளை வடிவமைத்திருக்கிறது. புவனேசுவரத்தில் வேளாண் மகளிருக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலை நடந்திருக்கிறது, ஆனால் எங்கள் சந்தையில் தொங்குகிற கொத்து அப்படியேதான் இருக்கிறது. பவர் டில்லருக்கு மானியமும் கடனும் உண்டு. நானே எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொத்துப் பிடிக்குக் கடன் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. தேவை இல்லாததாலா? அந்தத் தேவைக்கு விண்ணப்பப் படிவம் இல்லாததால்தான்.

வெள்வேலிலும் விடத்தலையிலும் நாலு பேருக்கும் பிடி போட்டோம். கனத்தை ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைத்தோம். மூத்தவருக்குப் பிடியின் கடைசியில் சின்னக் குமிழ் வைத்தார் ஆசாரி, சுண்டுவிரல் அதில் தங்கும், வேர்வையில் வழுக்காது. இடது கைக்காரர் ஒருவருக்கு முட்டைவடிவத்தில் சீவி, தகட்டின் கோணத்தைக் கொல்லுபட்டறையில் கொஞ்சம் மாற்றினோம். நாலு கொத்திலும் ஆளுக்கொரு அடையாளம் போட்டிருக்கிறது. மாறிப்போனால் இப்போது சண்டையே வருகிறது.

கொப்புளம் நின்றுவிட்டது. மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது என்கிறார்கள். இடுப்புவலியும் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் போகவில்லை. குனிந்து கொத்துகிறவரைக்கும் போகாது. அதனால் மஞ்சளுக்கு நடுவே ஓட்டுவதற்கு, வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த நட்சத்திரச் சக்கரக் களைக்கருவி ஒன்றை வாங்கி, அதன் பிடியைக் கல்மூங்கிலில் மாற்றினோம். நிமிர்ந்து நிற்கும்போது இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் கை வருகிற உயரம். மூத்தவருக்குச் சரியாக இருக்கிறது. அவரைவிட உயரமான இரண்டு பேருக்கு அது இன்னும் குட்டைதான், தனியாக இரண்டு மூங்கில் வேண்டும். பயிர் நெருக்கமான இடத்தில் அது போகாது, அங்கே கொத்துதான்.

கணக்கு எழுதுவது பழைய புத்தி, விடவில்லை. போன வருசம் மொத்தம் 17 பிடி போட்டோம். ஆசாரி கூலி, எண்ணெய், பூண் எல்லாம் சேர்த்து ஒன்றுக்குச் சராசரி 140 ரூபாய். கடைப் பிடி 80. அது வருசம் தாண்டுவதில்லை. கருவேலம் பிடி எங்கள் அப்பா போட்டது ஒன்று இன்னும் பரணில் இருக்கிறது, தகடு தேய்ந்து மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

ஆசாரிக்கு 71 வயசு. வண்டி போனதும் ஏர் போனதும் அவருக்கு வருகிற வேலை கதவு நிலையோடு நின்றுவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், உளியைத் தொட்டதில்லை. பெங்களூரில் மகனின் நண்பர்கள் மூன்று பேர் இப்போது காப்பி இயந்திரத்துக்குப் பிடி கேட்டிருக்கிறார்கள். அதைச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். களிமண்ணில் கை பதித்துக் காயவைத்து அனுப்ப வேண்டும், போட்டோவெல்லாம் ஆகாது. அந்த வேலைக்கு வாங்கும் கூலியில் கூடுதலாக வருவதை, ஊர்ப் பெண்களின் கொத்துக்குக் கழித்துக்கொள்ளலாம் என்பது அவரே சொன்ன யோசனை. பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்கெனவே ஒன்பது பேர் வந்து கை பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காய்ந்த களிமண் உருண்டைகள் ஒவ்வொன்றிலும் பேர் கீறி, திண்ணை மாடத்தில் வரிசையாக வைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் தொட்டு உடைத்துவிடாமல் காப்பதுதான் பெரிய பாடு.

தொட்டியில் இப்போது வெள்வேல் பதினொன்று, கருவேலம் ஆறு ஊறிக்கொண்டிருக்கின்றன. நேற்றுத் தண்ணீர் மாற்றினேன், இன்னும் பழுப்பாகத்தான் வருகிறது. பங்குனியில் பரணேறினால் ஆடிப்பட்டத்துக் களைக்குள் பிடி தயாராகிவிடும்.